மைனஸ் பதினெட்டு

தீப்பெட்டிக்குள் வைத்திருந்தார்
செத்த பூச்சியை.
அரை நகம் நீளம். வைக்கோல் மினுக்கம்.
உச்சந்தலையில் துருநிறத்தில் கொஞ்சம் முடி.
"மாவில் வருவதுதானே?" என்றார் ஹெர் நோல்டிங்.
ஓட்ஸ், ரவை, குருவிக்கு வைத்த சூரியகாந்தி விதை
எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம்.
கடுகு டப்பாவைக்கூட விடவில்லையாம்.

இல்லை.
மாவில் வருவதற்கு
உடம்பை ஒட்டிய பாதிச் சிறகு சாம்பல், நுனிப்பாதி செம்பு.
சமையலறைக் கூரையில்
கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அது.
இது கம்பளி தின்னும் குடும்பம்.
விளக்கைப் போட்டால் ஓடும்.

விட்டில் என்றால் விளக்கில் விழுவது
என்று பழகிய மொழி என்னுடையது.
இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே
அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

வூப்பர்டாலின் ஒரு செங்குத்துத் தெரு,
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே
ஆற்றின் மேல் தொங்கியபடி ஒரு ரயில் போகிறது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கட்டிலடியில் தவழ்கிறேன்.
கம்பளத்தின் சுவரோர விளிம்பு, சுத்தம்.
பியானோவைத் திறந்து
சுத்தியல்களின் கம்பளித் தலைகளைத் தடவுகிறேன், சுத்தம்.
இடையில் ஒன்று பறக்க,
இரு கைகளையும் தட்டி அடிக்கிறார்.
பறப்பதற்கு வாயே கிடையாது என்கிறேன்.
பறப்பது தின்பதில்லை,
தின்பது பறப்பதில்லை.

அலமாரியின் மூன்றாவது கதவை மட்டும்
அவர் திறக்கவில்லை.
"அதில் ஒன்றுமில்லை."
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்,
ஒன்றுமில்லாத இடத்தில்தான் இருக்கும்.

ஒரே ஒரு கோட்டு.
பச்சைக் கம்பளி, பெண்ணுடையது.
கழுத்துப்பட்டி சல்லடையாகியிருந்தது.
அக்குளில் நூல்கூடு, அதற்குள் புழு.
தின்றது பச்சை என்பதால்
எச்சமும் பச்சை, மணல் மணலாய்.

"ஏன் கழுத்தில் மட்டும்?"
பாடப்புத்தகத்தில் பதில் இருந்தது, சொன்னேன்:
துவைத்த கம்பளியில் புழுவுக்குச் சத்து போதாது.
வியர்வை வேண்டும். தோலின் எண்ணெய் வேண்டும்.
உதிர்ந்த முடி ஒன்றிரண்டு.
ஆள் படிந்திருக்கும் இடத்தைத்தான் அது தேடி வரும்.

சொல்லி முடித்த பிறகுதான்
அந்த மூன்றாவது கதவின் முன்னால்
ஏன் ஒரு ஸ்டூல் கிடக்கிறது
என்று விளங்கியது.

"கெர்லிண்டே" என்றார்.
வருடம் சொல்லவில்லை.

உலர்சலவைக்குக் கொடுங்கள், அல்லது
அறுபது டிகிரி வெந்நீர்.
விதிப்படி நான் சொல்ல வேண்டியது இது.
இரண்டும் பூச்சியைக் கொல்லும்.
இரண்டும்

"ஃப்ரீசர் இருக்கிறதா?"
"இருக்கிறது. நிறையப் பட்டாணி."
"பட்டாணியைச் சமைத்துவிடுங்கள்."
காற்றுப் புகாத பை. மைனஸ் பதினெட்டு.
பதினான்கு நாள் முழுசாக.
முட்டை சாகும், புழு சாகும்.
"மற்றது?" என்றார்.
மற்றதைக் குளிர் ஒன்றும் செய்யாது என்றேன்.
எந்தக் கையேட்டிலும் இல்லாத வாக்கியம்.

பசை அட்டை மூன்று வைத்தேன்.
பெண்வாசனை பூசியது, ஆண்கள்தான் வந்து ஒட்டும்.
முட்டையிடுகிறவள் அதிகம் பறப்பதில்லை,
மடிப்புக்குள் நடந்தே போவாள்.
அட்டை நிறைந்தால் ஜெயித்தோம் என்று நினைக்காதீர்கள்,
அது வெறும் தலைக்கணக்கு.
ஆறு வாரத்தில் வருகிறேன்.

படிவத்தில்
'பாதிக்கப்பட்ட பொருள்': கோட்டு, ஒன்று.
'அப்புறப்படுத்தப் பரிந்துரை' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்று
அடுத்த வரிக்குப் போனது.
ஒரு மணி நேரக் கூலி, பயணச் செலவு, கையெழுத்து.

இரண்டாம் மாடிக்கு இறங்கியிருப்பேன்,
மேலிருந்து குரல்:
"நடுவில் ஒருமுறை திறந்து பார்க்கலாமா?"
"திறந்தால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்"
என்று கத்தினேன்.

கதவு சாத்தவில்லை அவர்.
உறைந்த பட்டாணிப் பைகள்
ஒவ்வொன்றாக மேசைமேல் விழும் சத்தம்
தெருவாசல்வரை கேட்டது.